பாம்புக்கு எது நல்ல படுக்கை?

மனிதனுக்குப் படுக்கப் பாய் வேண்டும். கையில் காசு இருந்தால் மெத்தை வேண்டும்.

நாய்க்கு ஒரு கோணிப்பை போதும். பூனை அடுப்பு ஓரத்தில் சுருண்டு கொள்ளும். கோழிக்குக் கூடையும் வைக்கோலும் உண்டு.

பாம்புக்கு?

"பாம்புக்குப் போய்ப் படுக்கையா? பெருமாளுக்கே பாம்புதானே படுக்கை!" என்று எங்கள் திருநின்றவூர்ப் பாட்டிமார் கேட்பார்கள்.

கேலி இருக்கட்டும். இப்போது பட்டணங்களில் பாம்பு வளர்க்கும் ஆசை சிலருக்கு வந்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டி வாங்குகிறார்கள். வெளிநாட்டுப் பாம்பு வாங்குகிறார்கள். பிறகு, "பெட்டிக்குள் எதைப் பரப்புவது?" என்று கேட்கிறார்கள். மணலா? மரத்தூளா? தேங்காய் நாரா? காகிதமா?

கேள்வி சின்னதுதான். ஆனால் அந்தப் பாம்பின் உயிர் அந்தப் பதிலில் இருக்கிறது. அது மட்டும் அல்ல. இந்தக் கேள்வியின் பின்னாலே போனால் விமான நிலையம் வருகிறது. அமெரிக்கா வருகிறது. நம் வீட்டுக் கொல்லைப்புறமும் வருகிறது!

ஆகவே, விவரமாகப் பார்ப்போம்.

படுக்கை அல்ல, அதுவே வீடு!

நாம் இரவில் படுக்கிறோம். காலையில் பாயைச் சுருட்டி வைக்கிறோம். பாம்பால் அப்படி முடியாது. அதற்குக் கால் இல்லை. இரவும் பகலும் அதன் வயிறு தரையில்தான் இருக்கிறது.

எனவே, பாம்புக்குக் கீழே இருப்பது வெறும் படுக்கை அல்ல. அதற்கு எல்லாமே அதுதான்!

அது பாம்புக்கு அடுப்பு. மனிதனின் உடம்பில் எப்போதும் சூடு உண்டு. பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கி வைத்துக் கொள்ளாது. வெளியில் உள்ள சூட்டைத்தான் வாங்கிக் கொள்ளும். குளிர்ந்தால் சூடான இடத்துக்கு ஊர்ந்து போகும். சூடு அதிகமானால் நிழலுக்குப் போகும். போக இடம் இல்லாவிட்டால் செத்துப் போகும்.

அது பாம்புக்குக் காது. பாம்புக்கு வெளியே தெரியும் காது இல்லை. நீங்கள் நடந்தால் தரை அதிர்கிறது. அந்த அதிர்ச்சி அதன் கீழ்த்தாடை வழியாக உள்காதுக்குப் போகிறது. "மகுடி இசைக்கு மயங்கி ஆடுகிறது" என்பது தவறு. மகுடியின் அசைவைப் பார்த்துத்தான் நல்லபாம்பு தலையை ஆட்டுகிறது.

அது பாம்புக்கு வாசனை காட்டும் பலகை. பாம்பு ஏன் அடிக்கடி நாக்கை நீட்டுகிறது? கடிக்க அல்ல. காற்றிலும் தரையிலும் உள்ள வாசனையை நாக்கால் தொட்டு எடுக்கிறது. அதை வாயின் மேல் பக்கத்தில் உள்ள ஓர் உறுப்பில் வைத்துப் பார்க்கிறது. இரை எங்கே, எதிரி எங்கே என்று அப்படித்தான் தெரிந்து கொள்கிறது.

அது பாம்புக்குச் சட்டை கழற்றும் இடம். தோல் உரியும் காலத்தில் பாம்பு மூக்கைச் சொர சொரப்பான இடத்தில் தேய்க்கும். தோல் வாய்ப் பக்கத்தில் கிழியும். பிறகு காலுறையைக் கழற்றுவது போல முழுச் சட்டையும் உரிந்து வரும். பெட்டி மிகவும் காய்ந்து கிடந்தால் சட்டை துண்டு துண்டாகக் கிழியும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கிறது. அந்தத் தோல் உரியாமல் ஒட்டிக் கொண்டால் பார்வை கெடும்.

இப்போது சொல்லுங்கள். இதை "படுக்கை" என்று ஒரே வார்த்தையில் சொல்லி விடலாமா?

எதைப் பரப்பலாம்?

முதலில் ஒரு வேடிக்கை. நீங்கள் கையில் பிடித்திருக்கிறீர்களே, இந்தப் பத்திரிகை! இதுவும் பாம்புக்கு நல்ல படுக்கைதான்.

பாம்பு வளர்க்கும் பலர் பழைய செய்தித்தாளைத்தான் பெட்டியில் விரிக்கிறார்கள். விலை குறைவு. ஈரத்தை உறிஞ்சும். அழுக்கானால் எடுத்து எறிந்து விட்டு வேறு போடலாம். புதிதாக வந்த பாம்புக்கும், நோயில் கிடக்கும் பாம்புக்கும் காகிதமே உத்தமம். ஏன் என்றால், எச்சம் எப்படி இருக்கிறது என்று அதில் பளிச்சென்று தெரியும். பாம்பின் மேல் ஒரு வகைச் சிறு பேன் வரும். அது கறுப்புப் புள்ளி போல இருக்கும். வெள்ளைக் காகிதத்தில் அதுவும் தெரிந்து விடும்.

ஆனால் காகிதத்தில் பாம்பு புதைந்து படுக்க முடியாது. ஆகவே ஒளிந்து கொள்ள ஒரு சிறு பெட்டியோ, கவிழ்த்த சட்டியோ தனியாக வைக்க வேண்டும்.

அடுத்தது நம் ஊர்ச் சரக்கு. தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு தூள் மிச்சம் ஆகும். முன்பு பொள்ளாச்சிப் பக்கத்தில் அது மலை மலையாகக் குவிந்து கிடந்தது. இப்போது அதைக் கட்டியாக அழுத்திக் கப்பலில் ஏற்றுகிறார்கள். வெளிநாட்டில் செடி வளர்க்க அது உதவுகிறது. பாம்பு, பல்லி, ஆமை வளர்க்கிறவர்கள் அதையே வாங்கிப் படுக்கையாகவும் பரப்புகிறார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். மழைக்காட்டுப் பாம்புக்கு ஏற்றது. ஆனால் கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது.

வறண்ட நாட்டுப் பாம்புக்கு ஈரம் ஆகாது. அதற்குக் காய்ந்த மரச்சீவல் போடுகிறார்கள். வாசனை இல்லாத மரமாக இருக்க வேண்டும். தூசி இல்லாத சீவலாக இருக்க வேண்டும்.

எதைப் பரப்பக் கூடாது?

வாசனை மரம் கூடவே கூடாது. தேவதாரு, பைன் போன்ற மரங்களின் சீவல் நமக்கு மணக்கும். மூடிய பெட்டிக்குள் அதே எண்ணெய் ஆவி பாம்பின் மூச்சுக்குழலைக் கெடுக்கும். மூட்டைப்பூச்சி மருந்து, பாச்சை உருண்டை, பினாயில் வாடையும் அப்படித்தான்.

தச்சுப் பட்டறை மரத்தூளும் வேண்டாம். அது பொடி. மூச்சோடு உள்ளே போகும். எந்த மரத்தின் தூள், அதில் என்ன பூச்சு கலந்தது என்பதும் தெரியாது.

வெறும் மணலைக் கண்ட பாம்புக்கெல்லாம் பரப்பக் கூடாது. இரையோடு மணலும் வயிற்றுக்குள் போகும். குடலில் அடைத்துக் கொள்ளும். மணலில் வாழும் பாம்புக்குத்தான் மணல். அப்போதும் இரையைத் தட்டில் வைத்துக் கொடுப்பது நல்லது.

வைக்கோல், உமி, பழைய கோணி ஆகியவையும் உதவாது. சென்னைப் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். இவை சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த படுக்கையில் நாள் கணக்கில் கிடந்தால் பாம்பின் வயிற்றுச் செதில் கொப்புளிக்கும். பிறகு அழுகும். பல பாம்புகள் இப்படித்தான் சாகின்றன. வளர்த்தவர், "நேற்று வரை நன்றாக இருந்ததே!" என்பார். பெட்டிக்குள் அது வயிற்றைக் கீழே வைத்துத்தானே கிடந்தது? நோய் அவர் கண்ணில் எப்படிப் படும்?

எதைப் பரப்பினாலும் மூன்று வேலை தவறக் கூடாது. எச்சத்தை அன்றே எடுக்க வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் கவிழாமல் கனமாக இருக்க வேண்டும். குறித்த நாளில் படுக்கை முழுவதையும் மாற்றிப் பெட்டியைக் கழுவிக் காய வைக்க வேண்டும். இந்த வேலை ஒரு மாதம் அல்ல, ஒரு வருஷம் அல்ல. நன்றாகப் பார்த்துக் கொண்டால் மலைப்பாம்பு இனம் 20 வருஷத்துக்கு மேலும் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகும் படுக்கை மாற்ற வேண்டும்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? பெட்டியின் அழகைப் பார்த்துப் படுக்கையைத் தேடக் கூடாது. இந்தப் பாம்பு எந்த மண்ணில் பிறந்தது என்று பார்த்துத் தேட வேண்டும். மழைக்காட்டுப் பாம்புக்கு ஈரம். பாலைவனப் பாம்புக்கு வறட்சி. பொந்துப் பாம்புக்குப் பொந்து.

அப்படியானால் நம் ஊர்ப் பாம்புக்கு? நம் ஊர் மண்தான்! அதைப் பெட்டிக்குள் அள்ளிப் போட வேண்டியதில்லை. பாம்பை மண்ணிலே விட்டு விட்டால் போதும். சட்டமும் அதைத்தான் சொல்லுகிறது.

சட்டம் சொல்லுவது

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்லபாம்பு, மலைப்பாம்பு, சாரைப்பாம்பு, கண்ணாடி விரியன் எல்லாம் அந்தச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. 2022-ம் ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தப் பாம்புகள் இப்போது முதல் அட்டவணையில் உள்ளன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை! இவற்றைப் பிடித்து வீட்டில் வைத்தால் குறைந்தது 3 வருஷம், அதிகமானால் 7 வருஷம் சிறை உண்டு. அபராதமும் உண்டு.

"நான் கொல்லவில்லையே, வளர்க்கத்தானே செய்தேன்!" என்று சொல்லித் தப்ப முடியாது.

மண்ணுளிப் பாம்பின் கதையைக் கேளுங்கள். அதன் வால் மழுங்கி, தலை போலவே இருக்கும். அதனால் "இருதலைப் பாம்பு" என்று பெயர் வைத்து விட்டார்கள். "வீட்டில் இருந்தால் பணம் கொட்டும்", "லட்சக்கணக்கில் விலை போகும்" என்று கதை கட்டி விட்டார்கள். இதை நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு. விற்கப் போய்ப் போலீசில் மாட்டியவர்களும் உண்டு. பணம் வந்தவர்தான் யாரும் இல்லை!

அந்தப் பாம்பின் பெயரையே பாருங்கள். மண்ணுளி. மண்ணுக்குள் இருப்பது. அதன் படுக்கையைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். அதைப் பானையிலும் பெட்டியிலும் அடைத்து வைத்து அதிர்ஷ்டத்துக்குக் காத்திருப்பது என்ன நியாயம்?

வெளிநாட்டுப் பாம்புக்கு வேறு சட்டம். சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பிராணியை வைத்திருந்தால் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். 2024-ம் ஆண்டு அதற்கு விதிகள் வந்தன. "பரிவேஷ்" என்ற மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்கிறார்கள். குட்டி போட்டாலும் சொல்ல வேண்டும். செத்தாலும் சொல்ல வேண்டும். வேறொருவருக்குக் கொடுத்தாலும் சொல்ல வேண்டும்.

பதிவு இல்லாமல், ரசீது இல்லாமல், "யாருக்கும் சொல்லாதே" என்று ஒருவர் பாம்பு விற்றால் உஷாராக இருங்கள். அது எப்படி வந்தது தெரியுமா?

பெட்டிக்குள் 22 பாம்பு!

2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ந் தேதி. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம் வந்தது. ஒரு பெண் பயணியின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள்.

உள்ளே பிளாஸ்டிக் டப்பாக்கள். டப்பாக்களுக்குள் பாம்பு! ஒன்று இரண்டு அல்ல. பல இனத்தைச் சேர்ந்த 22 பாம்புகள். கூடவே ஒரு பச்சோந்தி.

நீண்ட கம்பியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். அந்தக் காட்சியைத் தேசம் முழுவதும் பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாம், "ஐயோ, பாம்பு!" என்று பயந்தார்கள். எனக்கு அந்த டப்பாக்களைப் பற்றித்தான் நினைப்பு. மண் கிடையாது. நிழல் கிடையாது. சுருளை அவிழ்க்க இடம் கிடையாது. அதுதான் கடத்தல்காரன் பாம்புக்குக் கொடுத்த படுக்கை!

யாரோ ஒருவர் கண்ணாடிப் பெட்டியோடு காத்திருக்கிறார். அதனால்தான் யாரோ ஒருவர் டப்பாவில் அடைத்துக் கொண்டு வருகிறார். வாங்க ஆள் இல்லாவிட்டால் கடத்த ஆள் ஏது?

அமெரிக்காவின் தலைவலி

பாம்பு வாங்கினார்கள். ஆசை தீர்ந்து விட்டது. பிறகு என்ன நடக்கும்? இதை அமெரிக்காவைக் கேட்க வேண்டும்.

பர்மா நாட்டு மலைப்பாம்பை அமெரிக்காவில் செல்லப் பிராணியாக விற்றார்கள். வாங்கும்போது அது முழ நீளம். வளர்ந்தால் 15 அடி, 16 அடி! பெட்டி போதவில்லை. வீடு போதவில்லை. சிலர் இரவோடு இரவாகச் சதுப்பு நிலத்தில் விட்டு விட்டார்கள். சில பாம்புகள் தப்பி ஓடின.

புளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலம் அவற்றுக்குச் சொர்க்கம் ஆகி விட்டது. அங்கே அவற்றைத் தின்னப் போதுமான எதிரி இல்லை. பெருகிப் பெருகி, முயலையும் நரியையும் தின்று தீர்த்தன. சில இடங்களில் சிறு பிராணிகளைக் காண்பதே அபூர்வம் ஆகி விட்டது.

அமெரிக்காக்காரர்களிடம் பணம் இருக்கிறது. இயந்திரம் இருக்கிறது. ஆனால் புதருக்குள் கிடக்கும் பாம்பு கண்ணில் படவில்லை!

2017-ம் ஆண்டு அவர்கள் யாரை அழைத்தார்கள் தெரியுமா? நம் தமிழ்நாட்டு இருளர்களை!

வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு பேர் விமானம் ஏறினார்கள். பாம்பு போன தடத்தைத் தரையில் படித்தார்கள். சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று 16 அடி! 2023-ம் ஆண்டு நம் அரசாங்கம் இந்த இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது.

பாம்பின் கால் பாம்புக்குத் தெரியும் என்பார்கள். இருளருக்கும் தெரியும் என்று சேர்த்துக் கொள்ளலாம். அப்படியானால், பாம்புக்கு எது படுக்கை என்று அவர்களைத்தானே கேட்க வேண்டும்?

இருளர் பானை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி இருக்கிறது. அங்கே முதலைப் பண்ணை இருப்பது பலருக்குத் தெரியும். அதே இடத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. 1978-ம் ஆண்டு தொடங்கிய சங்கம் அது.

அதற்கு முன்பு இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றார்கள். அதுதான் அவர்களுக்குக் கஞ்சி. தோல் வியாபாரத்தை அரசாங்கம் நிறுத்தியது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் இருளர் வீட்டில் அடுப்பு அணைந்தது. அப்போது பாம்புப் பண்ணையை உண்டாக்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாம்பைக் கொல்ல வேண்டாம். விஷத்தை மட்டும் எடுப்போம். அதை மருந்து செய்வோருக்கு விற்போம். பாம்பைத் திரும்ப விட்டு விடுவோம்!

அங்கே பாம்பை எதில் வைக்கிறார்கள்? கண்ணாடிப் பெட்டி இல்லை. மின்சார விளக்கு இல்லை. சாதாரண மண்பானை!

பானைக்குள் மண் போடுகிறார்கள். அதன்மேல் பாம்பை விடுகிறார்கள். பானையின் வாயைப் பருத்தித் துணியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அவ்வளவுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்ந்து இருக்கிறது? அது கசிந்து மூச்சு விடுகிறது. பாம்புக்கும் அதே குளிர்ச்சி. உள்ளே இருட்டு, பொந்து போல. கீழே மண், காடு போல. மேலே துணி, காற்று வரும், பாம்பு வராது. மேலே நான் சொன்ன அத்தனை விதியும் அந்தப் பானையில் அடக்கம்!

நல்லபாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு இனங்களை இங்கே வைக்கிறார்கள். எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி கொடுக்கும். ஒரு பாம்பைச் சில வாரம்தான் வைப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் செய்து காட்டிலே விட்டு விடுவார்கள். மறுபடி சிக்கினால் அடையாளம் காட்டிக் கொடுக்கும். சீக்கிரத்தில் அதே பாம்பைப் பிடிக்க மாட்டார்கள்.

அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் மாற்று மருந்து உண்டாகிறது. பாம்பு கடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் போடுகிறார்களே, அந்த ஊசி மருந்து இதுதான்.

பாம்புக் கடியால் இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்று 2020-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து உழைப்பாளிகள். அவர்களைக் காப்பாற்றும் மருந்து, மண் போட்ட ஒரு பானையிலிருந்து புறப்படுகிறது!

பிடாரன் கூடையையும் இந்தப் பானையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூடையில் பாம்பின் பல்லைப் பிடுங்கினார்கள். சாகும் வரை ஆட வைத்தார்கள். பானையில் சில வாரம் விருந்தாளியாக வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். பாம்பை அடைத்து வைக்க ஒரு நியாயம் உண்டு என்றால், அது மனித உயிரைக் காக்கும் இந்த நியாயம்தான். "சிநேகிதர்களுக்குக் காட்ட வேண்டும்" என்பது நியாயம் ஆகாது. இது என் அபிப்பிராயம்.

நாமே விரிக்கும் படுக்கை

"நாங்கள் பாம்பு வளர்க்கவில்லை. இது எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா?

மன்னிக்க வேண்டும். உங்களில் பலர் பாம்புக்குத் தினமும் படுக்கை போட்டு வருகிறீர்கள்!

திருநின்றவூர் ஏரிக்கரை ஊர். வயல் இருந்த இடத்தில் வீடு வந்து விட்டது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பும். தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். பொந்துக்குள் தண்ணீர் போனால் பாம்பு என்ன செய்யும்? மேட்டைத் தேடி வரும். மேட்டில் இருப்பது நம் வீடு.

அங்கே அதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது. வீடு கட்டி மிச்சமான செங்கல் குவியல். சுவர் ஓரத்தில் அடுக்கிய விறகு. காய்ந்த தென்னை மட்டை. மூலையில் போட்ட நனைந்த சாக்கு. எலி வளை. இருட்டு, ஈரம், மறைவு, பக்கத்திலேயே இரை! காசு கொடுத்து வாங்கினாலும் பாம்புக்கு இவ்வளவு நல்ல படுக்கை கிடைக்காது.

ஆகவே, படுக்கையைச் சுருட்டுங்கள்!

செங்கலையும் விறகையும் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். சோற்றுப் பருக்கையும் குப்பையும் இறைத்து எலியை வளர்க்காதீர்கள். எலி வந்தால் பாம்பு வரும். கதவின் அடியில் இடைவெளி இருந்தால் அடையுங்கள். இரவில் வெளியே போனால் விளக்கை எடுத்துக் கொண்டு போங்கள்.

கட்டு விரியன் இரவில் வரும். தரையில் தூங்குகிறவரை அது கடித்தால் எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும். பலருக்கு வலியே தெரியாது. விடியும்போது வயிற்று வலி வரும். கண் இமை தொங்கும். பேச்சு குழறும். ஆகவே, கட்டிலில் படுப்பது நல்லது. கட்டில் இல்லாதவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாயின் கீழே செருகிப் படுக்கட்டும். பாம்பின் படுக்கையைப் பற்றிப் பேசினோமே, நம் படுக்கையையும் கவனிக்க வேண்டாமா?

கடித்து விட்டால் கட்டாதீர்கள். கீறாதீர்கள். உறிஞ்சாதீர்கள். மந்திரம் என்று நேரத்தைப் போக்காதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108 ஆம்புலன்சை அழைத்து, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2024-ம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த ஊரில் எவ்வளவு மருந்து வேண்டும் என்று அதனால் தெரியும். நல்ல ஏற்பாடு.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்க ஓடாதீர்கள். அடிக்கப் போனவர்கள்தான் கடிபடுகிறார்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பாருங்கள். தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கூலி வேலை செய்து பிழைக்கிறார்கள். அமெரிக்கா தேடி வந்த அறிவு நம் பக்கத்துக் குடிசையில் இருக்கிறது! ஒவ்வொரு நகராட்சியும் வனத்துறையின் சம்மதத்தோடு இருளர் இளைஞர்கள் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தில் பாம்பு பிடிக்க வைத்துக் கொண்டால் என்ன? ஊருக்குப் பயம் தீரும். அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். பாம்பும் பிழைக்கும்.

பிள்ளை கேட்டால்?

உங்கள் பிள்ளை, "பாம்பு வளர்க்கலாமா?" என்று கேட்டால் அடிக்காதீர்கள். ஆசை தப்பு அல்ல. பாம்பைக் கண்டு அருவருக்காத பிள்ளை நல்ல பிள்ளை. அவனைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கு அழைத்துப் போங்கள். வடநெம்மேலிக்கும் அழைத்துப் போங்கள். அந்தப் பானைகளைக் காட்டுங்கள். பாம்புக்கு என்ன வேண்டும் என்று அவனே தெரிந்து கொள்வான்.

திருநின்றவூர் பூசலார் பிறந்த ஊர். கல்லும் மரமும் வாங்கக் காசு இல்லாமல், மனதுக்குள்ளேயே கோவில் கட்டிய நாயனார் அவர். அவர் ஊர்க்காரன் என்ற உரிமையில் சொல்லுகிறேன். பாம்பு ஆசை உள்ளவர்கள் அதை மனதுக்குள்ளேயே வளர்க்கட்டும். அங்கே கடத்தல் இல்லை. வழக்கு இல்லை. எச்சம் அள்ளும் வேலையும் இல்லை!

பாம்புக்கு எது நல்ல படுக்கை? வயல் வரப்பு ஒரு படுக்கை. கரையான் புற்று ஒரு படுக்கை. ஏரிக்கரைப் புதர் ஒரு படுக்கை. அவற்றை அழிக்காமல் விட்டு வைத்தால் போதும். பாம்பு தன் படுக்கையைத் தானே பார்த்துக் கொள்ளும்.